பெரிய வாசல் எந்தப் பக்கம்

பனையடித்துறைக்குக் கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைத்தெருவில் யாரிடமும் போய், சம்மனசு மாதா கோயிலுக்கு முன்பக்கம் எது என்று கேட்டுவைக்காதீர்கள். பூக்கடையில் கேட்டால் ஒரு பக்கம் கையைக் காட்டுவார்கள், பாத்திரக்கடையில் கேட்டால் வேறு பக்கம் காட்டுவார்கள், கருவாட்டுக் கடையில் கேட்டால் கையைக் காட்ட மாட்டார்கள், நெத்திலியைத்தான் காட்டுவார்கள், வாங்காமல் நகரவும் முடியாது. நான் சொல்வதில் பொய் இருந்தால் என் நாக்கில் புழு வைக்கட்டும். எழுபத்தெட்டு வருஷமாக இதைச் சொல்லி வருகிறேன், இதுவரை வைக்கவில்லை.

கோயில் பரோக் பாணியில் கட்டப்பட்டது என்று ஒரு பலகை சொல்கிறது. பரோக் என்றால் என்ன என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தவரை, சுவரில் ஒரு சாண் இடத்தைக்கூடச் சும்மா விடமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு கட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். ஈரத்துணியைப் பிழிந்தாற்போல முறுக்கிக்கொண்டு போகும் தூண்கள், தூண்களுக்கு மேலே திராட்சைக் கொடிகள், கொடிகளுக்கு நடுவே சங்குகள், சங்குகளைப் பிடித்துக்கொண்டு கன்னம் உப்பிய சம்மனசுகள் என்கிற இறக்கை வைத்த தேவதூதர்கள், பெரிய சம்மனசுகளின் தோளில் தொற்றிக்கொண்டு சின்னச் சம்மனசுகள் என்று முகப்பு முழுக்க நாற்பத்தொரு முகங்கள். கடல் தாண்டி வந்த ஒரு சாமியார் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் படம் வரைந்து கொடுத்தார், பின் தெருக்காரர்கள் கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துக் கட்டி முடித்தார்கள், முன் தெருக்காரர்கள் பெரிய வாசல் வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். கோயிலின் வரலாறு இவ்வளவுதான், மிச்சமெல்லாம் வெள்ளையடித்தது.

கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் கடைத்தெரு. முகப்பைப் பார்த்த பக்கத்தில் பூ, பழம், பாத்திரம், பட்டு. அதற்கு அப்பால் முன் தெரு வீடுகள். முதுகைப் பார்த்த பக்கத்தில் கருவாடு, உப்பு, விளக்குமாறு, பழைய இரும்பு. அதற்கு அப்பால் பின் தெரு வீடுகள். கோயிலுக்கு வாசலும் இரண்டு. முகப்பில் பதினாறு அடி உயரத் தேக்குக் கதவு போட்ட பெரிய வாசல், முன் தெருவுக்கு. முதுகுப்பக்கம், பீடத்தை ஒட்டி, குனிந்து நுழைகிற ஒரு பொந்து, பின் தெருவுக்கு. அதற்குக் கருவாட்டு வாசல் என்று பெயர். இப்படித்தான் நுழைய வேண்டும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை, எழுதிவைத்திருந்தால் யாராவது அழித்திருப்பார்கள், அதனால் வழக்கம் என்று சொல்லி வைத்தார்கள். நான் முன் தெருவில் பிறந்தவன். என்னை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப்போனது பெரிய வாசல் வழியாகத்தான், அதற்காக நான் அழவுமில்லை என்று என் அம்மா பெருமையாகச் சொல்வாள்.

கருவாட்டு வாசலில் உயிரோடு இருக்கிறவர்கள் குனிந்து போய்விடலாம். செத்தவர்கள் எப்படிக் குனிவார்கள்? பெட்டியைச் சாய்த்து, தலைப்பக்கத்தை இறக்கி, கால்பக்கத்தைத் தூக்கி, ஒரு திருகு திருகித்தான் உள்ளே நுழைப்பார்கள். அப்போது உள்ளே இருக்கிறவர் ஒருக்களித்து உருண்டு பலகையில் இடிக்கிற சத்தம் கேட்கும். பூசை முடிந்ததும் திரும்ப அதேபோல வெளியே எடுத்து, இன்னொரு தடவை இடித்து, முன் தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுகிற கல்லறைத் தோட்டத்துக்கு உப்பளக் கரையைச் சுற்றி முக்கால் மணி நேரம் சுமந்து போவார்கள். பின் தெருவில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தன் அப்பனோ அம்மையோ இடித்த சத்தம் காதில் இருந்தது.

மிக்கேலம்மாளுக்கு அவள் அப்பன் இடித்த சத்தம் இருந்தது. முதுகுச் சுவருக்கு எதிரே கருவாட்டு வரிசையில் மூன்றாவது கடை அவளுடையது. கோபக்காரி. அவள் சீலா மீனைக் கூறு கட்டி வைத்தால் அது முறைத்துக்கொண்டு கிடப்பதுபோல இருக்கும். அவள் புருஷன் தொம்மை அதற்கு நேர் எதிர். சுதைக் கொத்தன், வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் முகப்பில் சாரம் கட்டி ஏறி, சுண்ணாம்பு அடித்து, உடைந்த சம்மனசுகளுக்கு மூக்கும் விரலும் ஒட்டுகிறவர். நாற்பது வருஷம் அந்த முகப்பில் தொங்கினார். சம்மனசுகளின் காது மடலுக்குள் இருந்த குளவிக்கூட்டையெல்லாம் எடுத்தவர், தன் வேலை எப்படி இருக்கிறது என்று பார்த்தபடி அந்த வாசலுக்குள் ஒரு நாளும் நுழைந்ததில்லை. சாரத்தை விட்டு இறங்கி, கால் கழுவி, கோயிலைச் சுற்றி வந்து, பொந்துக்குள் குனிந்து போய்ப் பூசை கண்டார்.

நாற்பது வருஷச் சுண்ணாம்பு நெஞ்சில் இறங்கி ஒரு ஆவணியில் அவரைப் படுக்கப் போட்டது.

"நீரு பெரிய வாசல் வழியாத்தான் போவீரு. நான் போக வைப்பேன்" என்றாள் மிக்கேலம்மாள்.

"எட்டி, செத்தவனுக்கு எங்க இடிச்சா என்ன, வலிக்கவா போவுது?"

"உமக்கு வலிக்காது. எனக்குக் கேக்கும்."

அன்றைக்கே கருவாட்டுக் கையைக் கழுவாமல் கோயில் அலுவலகத்துக்குப் போனாள். தர்மகர்த்தா சிங்கராயர் நாற்காலியில் இருந்தார், அவர் குடும்பத்துக்கு அந்த நாற்காலி நாலு தலைமுறையாகப் பழக்கம். பக்கத்தில் பங்குச் சாமியார் இஞ்ஞாசி நின்றுகொண்டிருந்தார்.

"தொம்மைக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன். நல்ல வேலைக்காரன்" என்றார் சிங்கராயர்.

"நல்ல வேலைக்காரர்தானய்யா. அவரு பெட்டி பெரிய வாசல் வழியா வரணும்."

"அவன் இன்னும் சாகலையே மிக்கேலு."

"செத்த பொறவு கேட்டா, பெட்டிய வெயில்ல வச்சிக்கிட்டுல்லா கேக்கணும். அதான் இப்பவே கேக்கேன்."

"வழக்கம் இல்லையே."

"அந்த வாசலுக்கு மேல இருக்கிற சம்மனசுக்கு மூக்கு வச்சதே அவருதானய்யா."

"அது கூலி வேலை. இது கோயில் காரியம்" என்றார் சிங்கராயர், மூக்கைப் பிடித்தபடி.

அவள் சாமியாரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க சாமி."

இஞ்ஞாசி சாமியார் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "ஒரு கூட்டம் போட்டுப் பேசுவோம்மா" என்றார். எங்கள் ஊரில் ஒரு காரியத்தைக் குழி தோண்டிப் புதைக்காமல் உட்காரவைத்துப் புதைப்பதற்குக் கூட்டம் என்று பெயர்.

இந்த இடத்தில் கருவாட்டு வரிசையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், முன் தெருவுக்கு மட்டும்தான் வழக்கம் உண்டா என்ன. வாங்க வந்தவன் விலை பேசி, எடுத்துக் கட்டவும் சொல்லிவிட்டு, கட்டிய பொட்டலத்தை வாங்காமல் நடையைக் கட்டினால், கடைக்காரி அவனைத் திட்டமாட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே சுற்றித் திரும்பி அவனுக்கு முதுகைக் காட்டுவாள். பக்கத்துக் கடைக்காரி அதைப் பார்த்துத் திரும்புவாள், அவளைப் பார்த்து அடுத்தவள் திரும்புவாள், வரிசை முழுக்க முதுகாகிவிடும். அவன் வந்து வணங்கி மன்னிப்புக் கேட்கிறவரை ஒரு உப்புக்கல்லைக்கூட அங்கே வாங்க முடியாது. ஒரு வக்கீல் எட்டு மாதம் சப்பென்று சாப்பிட்டுவிட்டு வந்து கும்பிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மிக்கேலம்மாள் அலுவலகத்திலிருந்து நேரே கடைக்கு வந்தாள். எதிரே நின்ற முதுகுச் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "கல்லு கேட்ட, சுமந்தோம். சுண்ணாம்பு கேட்ட, அரைச்சோம். நெஞ்சு கேட்ட, அதையும் குடுத்தாரு. எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு யாரு எவருன்னு நிக்க" என்றாள். சுற்றித் திரும்பினாள். கோயிலுக்கு முதுகைக் காட்டினாள்.

பக்கத்துக் கடை கயித்தாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "எட்டி மிக்கேலு, மனுசனுக்குக் காட்டலாம். கோயிலுக்கே காட்டுனா மாதா கோவிச்சுக்க மாட்டாளா?"

"அவ மொகம் அந்தப் பக்கம்தானட்டி. இருநூத்தம்பது வருசமா நாம பாக்கது அவ முதுகத்தான். இப்ப ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு."

 கயித்தாள் பனையோலைத் தடுக்கைத் திருப்பிப் போட்டு அவளும் திரும்பினாள். சாயங்காலத்துக்குள் கருவாட்டு வரிசை, உப்பு வரிசை, விளக்குமாற்று வரிசை எல்லாம் திரும்பிவிட்டன. வாங்க வந்தவர்கள் முதுகோடு பேரம் பேசினார்கள்.

மூன்று நாள் அப்படி இருந்தது. நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, கோயில் திரும்பியது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஆட்டுரலில் ஊறாத உளுந்தைப் போட்டு ஆட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். அதையும் கடைத்தெருவில் பலர் ஏதோ லாரி என்று நினைத்துக்கொண்டார்கள். புறாக்கள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி, உட்கார்ந்த இடத்தைக் காணாமல் குழம்பி, தந்திக் கம்பியில் போய் உட்கார்ந்தன. முதுகுச் சுவர் ஆணிகளில் கட்டிக் காயப்போட்டிருந்த சாளைக்கருவாட்டுக் கொடிகள் சுவரோடு சேர்ந்து ஊர்வலமாகப் போய்ப் பூக்கடைகளுக்கு முன்னால் நின்றன. பீடத்துக்குப் பின்னால் பூசை உடுப்பு வைக்கிற சக்ரீஸ்து அறையில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த இஞ்ஞாசி சாமியார், தோலைக் கருவாட்டுக் கூடைகள் பக்கம் எறிகிற பழக்கத்தில் சின்ன வாசலைத் திறந்து எறிய, அது குவித்துவைத்த மல்லிகையின் மேல் விழுந்தது. பூக்காரர் நிமிர்ந்து, "என்ன சாமி இந்தப் பக்கம்?" என்றார்.

பின் தெருவில் யாருக்கும் தெரியவில்லை, எல்லாரும் முதுகைத்தானே காட்டிக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்த ஒருத்தர் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வாயைத் திறந்தபடி நிற்க, "என்ன வே, பாதிப் பேரத்துல பேச்சக் காணும்?" என்று கயித்தாள்தான் முதலில் திரும்பினாள். தேக்குக் கதவு அவள் கூடைக்கு எதிரே நின்றது. அதற்கு மேலே தூண்கள், கொடிகள், சங்குகள், நாற்பத்தொரு முகங்கள்.

தொம்மையைத் தவிரப் பின் தெருவில் யாரும் அந்த முகப்பை நேரே நின்று நிமிர்ந்து பார்த்ததில்லை; அவள் பார்த்தாள். "எட்டி, அது எங்க சித்தப்பால்லா" என்றாள்.

சித்தப்பாதான். அதே விரிந்த மூக்கு, அதே ஒரு பக்கம் தூக்கின உதடு, தோளில் மட்டும் இறக்கை. அவருக்குப் பக்கத்தில் உப்புக்கடைச் செவத்தி, அவளுக்கு மேலே பழைய இரும்பு விற்கிற கிழவர், திராட்சைக் கொடிக்கு நடுவே பின் தெருவில் காய்ச்சலில் போன ஒரு குழந்தை. நாற்பது வருஷமாக உடைந்த ஒவ்வொரு மூக்கையும் ஒட்டுகிற சாக்கில் தொம்மை பின் தெருவையே கொண்டுபோய் அந்த முகப்பில் குடிவைத்திருந்தார். பெரிய வாசலின் நெற்றியில், நடு நாயகமாக, புருவத்தை நெரித்துக்கொண்டு மிக்கேலம்மாள் இருந்தாள்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாதது ஒன்று உண்டு. அந்த நாற்பது வருஷமும் நாங்கள் முன் தெருக்காரர்கள் தினமும் காலையில் அந்த முகங்களை நிமிர்ந்து பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டோம். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அடையாளம் தெரிய வேண்டுமென்றால் அந்த ஆட்களை அதற்கு முன்னால் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டுமே.

மிக்கேலம்மாள் வீட்டுக்குப் போய்ப் படுக்கையருகே நின்றாள். "என்னைய எப்ப வே அங்க ஏத்துனீரு?"

தொம்மை சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கப் பொறுத்திருந்தார். "கல்யாணமான ரெண்டாம் வருசம். நீ சண்ட போட்டுக்கிட்டு ஒங்கம்ம வீட்டுக்குப் போயிட்ட. மொகம் மறந்துரப் போவுதேன்னு வச்சேன்."

"அதுக்கு ஏன் மொறைச்சிக்கிட்டு வச்சீரு?"

"வேற மொகம் நீ காட்டலையே."

கோயில் திரும்பிய செய்தியை ஊர் இரண்டு நாளில் செரித்துவிட்டது. பெரிய மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து நடக்கிறோமே, அப்படி. மேற்றிராணியார், அதாவது பிஷப், கோயில் வலமாகத் திரும்பியதா இடமாகத் திரும்பியதா, இடமாக என்றால் வருந்துகிறோம் என்று கடிதம் எழுதினார். நிலம் அளக்கிற அதிகாரி ஒருவர் சங்கிலியோடு வந்து மூன்று நாள் அளந்து, பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டு, கோயில் இருந்த இடத்திலேயே சரியாக இருக்கிறது, ஊர்தான் திரும்பியிருக்கிறது, எனவே எல்லா வீட்டுக்காரர்களும் கதவு எண் மாற்ற மனுச் செய்ய வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பாதிப் பேர் மனுவும் செய்தார்கள்.

ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். இருநூற்றைம்பது வருஷப் பழக்கம் காலில் இருக்கிறது இல்லையா. பின் தெருக்காரர்கள் குளித்து, தலை சீவி, தங்கள் கூடைக்கு எதிரே பதினாறு அடி உயரத்துக்குத் திறந்து கிடந்த பெரிய வாசலைத் தாண்டி, கோயிலைச் சுற்றி நடந்துபோய்ச் சின்ன வாசலில் குனிந்தார்கள். தங்கள் தெருவை விட்டு இறங்கி எதிரே எந்த வாசல் இருக்கிறதோ அதில் நுழைந்தே பழகிய முன் தெருக்காரர்களும் அதே வாசலில் குனிந்தார்கள். தலையும் தலையும் முட்டிக்கொண்டன. பட்டு வேட்டியும் கருவாட்டு முந்தானையும் ஒரே பொந்தில் சிக்கிக்கொள்ள, பெரிய வாசலில் ஒரு நாய் மட்டும் உள்ளே போய் நடு மண்டபத்தில் படுத்துக்கொண்டது.

அன்றைக்கு மாலை சிங்கராயர் கூட்டம் போட்டார். அவர் பேச்சை நான் அப்படியே சொல்லுகிறேன்: "வாசலுக்குப் பெருமை மரத்துலயா இருக்கு, உயரத்துலயா இருக்கு? யாரு நுழையிறாங்களோ அவங்கள்ல இருக்கு. நாம நுழையிற வாசல் எதுவோ, அதுதான் பெரிய வாசல்." கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மறுநாளே பொந்துக்கு மேலே "பெரிய வாசல்" என்று பித்தளைப் பலகை ஏறியது, சீரியல் பல்பு ஏறியது, இரண்டு பக்கமும் வாழைமரம் நட்டார்கள். அந்தப் பக்கம் இருக்கிற தேக்குக் கதவுக்கு அன்றிலிருந்து கருவாட்டு வாசல் என்று பெயர். பின் தெருக்காரர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சாமியார் பூசையில் அறிவித்தார்.

இதைவிட மோசமானது அடுத்த மாதம் நடந்தது. சிங்கராயரின் மாமியார் தொண்ணூற்றிரண்டு வயதில் கண்ணை மூடினார். பருத்த உடம்பு, கருங்காலிப் பெட்டி, வெள்ளிப் பிடி. பெரிய வாசல் என்று பலகை போட்ட பொந்துக்கு முன்னால் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கோயிலைச் சுற்றி நூறு அடி நடந்தால் யானை நுழைகிற வாசல் திறந்து கிடக்கிறது. ஒருவர் கண்ணும் அந்தப் பக்கம் போகவில்லை. சாய்த்தார்கள். தலைப்பக்கத்தை இறக்கி, கால்பக்கத்தைத் தூக்கி, ஒரு திருகு திருகினார்கள். உள்ளே மாமியார் இடித்த சத்தம் தெருவுக்கே கேட்டது. முன் தெருவில் அத்தனை பேருக்கும் கேட்டது, கேட்டதாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை, சிங்கராயரின் மனைவி மட்டும் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். சொந்தத் தாய் இடிபட்டாலும் பரவாயில்லை, அடுத்தவன் நுழைகிற வாசலில் நுழையக்கூடாது. இப்படிப்பட்ட ஜனத்தில்தான் நான் பிறந்து, வளர்ந்து, பல்லும் போய் நிற்கிறேன்.

"நமக்கென்னட்டி, தேக்குக் கதவு கெடச்சுது" என்றாள் கயித்தாள். "இனிமே நம்ம பெட்டி இடிக்காதுல்லா."

"கெடைக்கல. கழிச்சுப் போட்டத நம்ம பக்கம் தள்ளியிருக்கானுவ" என்றாள் மிக்கேலம்மாள். "நாளைக்கு இந்தக் கோயில் முழுசையும் நமக்கே குடுத்தா, அவனுவ போயி மாட்டுத் தொழுவத்துல நின்னுக்கிட்டு இதான் கோயிலும்பானுவ. எனக்கு வாசல் போதாது. அவரு அந்தத் தெரு வழியாப் போவணும். எல்லாரும் பாக்கப் போவணும்."

ஐப்பசியில் ஒரு காலை, கஞ்சி குடித்த வாய் துடைக்கும்போது, தொம்மை செத்துப்போனார். மிக்கேலம்மாள் அழுகிறதற்கு முன்னால் ஆளனுப்பிச் சொன்னாள்: "எம் புருசன் உள்ள வாரது எங்க வாசல். வெளிய போறது ஒங்க தெரு."

 சிங்கராயர் பதிலாகக் கையில் ஒரு பூட்டோடு வந்தார், ஆட்டுத்தலை அளவு திண்டுக்கல் பூட்டு. பின் தெருக்காரர்கள் உள்ளே போனதும் பித்தளைப் பலகைக்குக் கீழே இருந்த சின்ன வாசலை வெளியிலிருந்து இழுத்துச் சாத்திப் பூட்டி, பூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் முன் தெருவே நின்றது. பூக்கடைக்குப் பக்கத்தில் நானும் நின்றேன்.

உள்ளே நடந்ததைக் கயித்தாள் எனக்குச் சொன்னாள், அவள் சொன்னதில் பாதியைத்தான் நான் கூட்டியிருக்கிறேன். பெட்டி தேக்குக் கதவு வழியாக, தொம்மை செய்த நாற்பத்தொரு முகங்களுக்குக் கீழே, எங்கேயும் இடிக்காமல் வந்தது. மாம்பலகைப் பெட்டிதான். நடு மண்டபத்தில் இறக்கி, மாதாவைப் பார்த்து வைத்தார்கள். இஞ்ஞாசி சாமியார் பூசை முடித்து, தீர்த்தம் தெளித்து, "உப்பளக் கரை வழியாத்தானேம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

மிக்கேலம்மாள் எழுந்தாள். பூட்டின சின்ன வாசலைப் பார்த்தாள். பீடத்தைப் பார்த்தாள்.

"பெட்டியத் திருப்புங்க" என்றாள்.

தூக்கி வந்தவர்கள் பெட்டியைத் திருப்பி வைத்தார்கள். செத்தவரும் பீடத்துக்கு முதுகைக் காட்டினார். மிக்கேலம்மாள் திரும்பினாள், கயித்தாள் திரும்பினாள், கருவாட்டு வரிசையும் உப்பு வரிசையும் விளக்குமாற்று வரிசையும் திரும்பின. பீடத்தடியில் சாமியார் முந்நூறு முதுகுகளைப் பார்த்தார். பிறகு தீர்த்தச் செம்பைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அவரும் திரும்பினார். பயத்திலா வெட்கத்திலா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கூட்டம் போட்டுச் சொல்லுகிறேன் என்றிருப்பார்.

ஊறாத உளுந்துச் சத்தம் கேட்டது.

உள்ளே இருந்தவர்களுக்குப் பெரிய வாசல் வழியாகக் கருவாட்டுக் கூடைகள் மெல்ல நகர்ந்து போவது தெரிந்தது, பிறகு உப்பு மூட்டைகள் போயின, விளக்குமாறுகள் போயின, பழைய இரும்பு போயிற்று, பாத்திரக்கடைக் குடங்கள் ஒவ்வொன்றாய்ப் பளிச்சிட்டுப் போயின. வெளியே நின்ற எங்களுக்கோ, புறப்பட்ட பஸ் மாதிரி சின்ன வாசல் எங்களை விட்டு நகர்ந்தது. சிங்கராயர் பூட்டை விடவில்லை. விட்டால் திறந்துகொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ, பூட்டைப் பிடித்தபடியே சுவரோடு சுவராக நடந்தார், பழக்கடையைத் தாண்டி, பட்டுக்கடையைத் தாண்டி, பட்டு வேட்டி முட்டியில் தடுக்கத் தடுக்கப் பக்கவாட்டில் நடந்துபோய், கடைசியில் ஆளில்லாத கருவாட்டு வரிசையில், கயித்தாளின் கூடைகளுக்கு நடுவே, கணுக்காலளவு நெத்திலியில் நின்றார். கூடவே போக முன் தெருவில் ஒருவரும் துணியவில்லை.

எங்களுக்கு எதிரே தேக்குக் கதவு வந்து நின்றது. முதலில் தெரிந்தது நெற்றியில் நெரித்த புருவம், அதற்கு நேர் கீழே, அதே புருவத்தோடு மிக்கேலம்மாள். அவளுக்குப் பின்னால் பெட்டி. சாய்க்கவில்லை, திருகவில்லை, நேராக வந்தது. முன் தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன, சாத்தின ஜன்னலின் இடுக்கில் ஒவ்வொரு கண் இருந்தது. பூக்காரர் மட்டும் ஒரு பந்து மல்லிகையை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். நான் தலைத்துண்டை அவிழ்த்தேன். அதைத் தவிர என் ஆயுசில் அந்தத் தெருவுக்கு எதிராக நான் எதையும் செய்ததில்லை.

ஐந்து நிமிஷத்தில் கல்லறைத் தோட்டம் வந்துவிட்டது. பெட்டியைக் குழியில் இறக்கி முதல் பிடி மண் போட்டபிறகுதான் மிக்கேலம்மாள் அழுதாள். அதுவும் யாரையோ திட்டுவதுபோலத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு கோயில் நிற்கவில்லை. நாளைக்கு ஒரு சுற்று, மெதுவாக, நிழல் நகர்கிற வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பித்தளைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள், கருவாட்டு வரிசைக்கு எதிரே வந்தபோதெல்லாம் அதில் யாராவது திருக்கை மீனை மாட்டிவிட்டுப் போனதுதான் காரணம். முன் தெருக்காரர்கள் விடவில்லை. பெரிய வாசல் தங்கள் பக்கம் வருகிற வேளையிலேயே எல்லாப் பூசையும் வைக்க வேண்டும், மற்ற வேளையில் கோயிலைச் சாத்த வேண்டும் என்று மேற்றிராணியாருக்கு மனு எழுதி, வருஷம் தவறாமல் புதுப்பிக்கிறார்கள். சிங்கராயருக்குக் காலில் நெத்திலி வாடை போகவில்லை என்று சொல்கிறார்கள், அது மட்டும் நான் கிளப்பிவிட்டது.

"இன்னுமா ஒனக்குக் கோவம் தணியல?" என்று போன வாரம் மிக்கேலம்மாளிடம் கேட்டேன். கால் கிலோ வாளைக் கருவாட்டுக்கு விலை கேட்கிற சாக்கில்.

"கோயிலுதான சுத்துது" என்றாள். "ஊரு எங்க வே சுத்திச்சு?"

ஆகவே வாருங்கள், தாராளமாக வந்து பாருங்கள். முன்பக்கம் எது என்று கேட்காதீர்கள். பூவுக்குப் பக்கத்திலோ உப்புக்குப் பக்கத்திலோ எங்கே வேண்டுமானாலும் நில்லுங்கள், வாசல் உங்களைத் தேடி வரும், வரும்போது நுழைந்துவிடுங்கள். காலை பதினொன்றே காலுக்கு முன் தெருவில் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. அந்த வேளையில்தான் நெரித்த புருவத்தோடு அந்த முகம் முன் தெருவை ஒரு வீடு விடாமல் பார்த்துக்கொண்டு போகும். வாசல் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர்கள் சட்டென்று குனிந்து செருப்பைத் தேடுவார்கள். நாற்பது வருஷம் கும்பிட்ட முகம்தான். இப்போது அடையாளம் தெரிகிறது.